முக்கடலோடு திரும்பிவிடாதீர்கள்

கன்னியாகுமரிக்குப் போய்வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது, "மேற்கே எதுவரைக்கும் போனீர்கள்?" என்பதுதான். பெரும்பாலானோர் விழிப்பார்கள். விடிகாலையில் சூரிய உதயம், படகில் விவேகானந்தர் பாறை, காந்தி மண்டபம், சங்கு, பாசிமணி, அரைக்கிலோ நேந்திரங்காய் சிப்ஸ், ராத்திரி ரயில். அத்தோடு சரி. கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி, முனையைச் சுற்றிக்கொண்டு, மேற்கே கேரள எல்லையிலுள்ள நீரோடி வரைக்கும் 70 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடவே நீளும் குமரி மாவட்டக் கடற்கரையை இவர்கள் பார்க்கவே இல்லையே என்று எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

நான் மதுரைக்காரி. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊர். அதனால்தானோ என்னவோ, கடல் என்றால் எனக்குப் பித்து. கோவா, கோவளம், பூரி, புதுச்சேரி, ராமேசுவரம் எல்லாம் சுற்றியாயிற்று. எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மலையும் வயலும் தென்னையும் தேவாலயமும் கோயிலும் பள்ளிவாசலும் கட்டுமரமும் கருமணலும் இத்தனை நெருக்கமாக ஒரே கரையில் கூடியிருக்கும் இடம் குமரியைத் தவிர வேறொன்றை நான் கண்டதில்லை. அடித்துச் சொல்வேன்: தமிழ்நாட்டின் ஆகச்சிறந்த கடற்கரை இதுதான்.

முதலில் அந்த முனையையே எடுத்துக்கொள்வோம். கூட்டம் மொய்க்கும் இடம் என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டுப் போகச் சொல்லமாட்டேன். கடலுக்குள் நிற்கும் வள்ளுவரை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. மொத்த உயரம் 133 அடி, அதிகாரத்துக்கு ஓர் அடி. அதில் பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். அதன்மேல் நிற்கும் சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. அறத்தின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்கவேண்டும் என்பதைக் கல்லிலேயே சொல்லிவிட்டார் கணபதி ஸ்தபதி. 2000 ஜனவரி 1 அன்று திறந்த சிலை. ஐந்தாம் ஆண்டு முடியுமுன் வந்த சுனாமிக்கும் அசையவில்லை. பக்கத்துப் பாறைக்கு விவேகானந்தர் போனது 1892 டிசம்பரில். நீந்தியே போனார் என்பார்கள். அங்கே இப்போதிருக்கும் மண்டபம் 1970-ல் எழுந்தது. முன்பெல்லாம் ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குப் படகில்தான் போகவேண்டும். 2024 டிசம்பர் கடைசியில் இரண்டுக்கும் இடையே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் வந்துவிட்டது. அதன் நடுவில் நின்று காலடியைப் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே அலை பாறையில் மோதிப் பால்போல் பொங்கி, பச்சையாகி, மறுபடி உள்ளே இழுபட்டுப் போகும். நான் அங்கே நின்றபோது பக்கத்தில் ஓர் ஆந்திரக் குடும்பத்துப் பாட்டி, பேரன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் நடந்து கடந்தார். கடந்ததும் திரும்பி இன்னொரு முறை நடந்தார்!

கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இங்கே உதயம், அஸ்தமனம் இரண்டும் கடலிலேயே நடக்கும். சித்ரா பௌர்ணமி மாலையில் ஒருபக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் முழுநிலா ஏறும். அன்றைக்குக் கரையில் எள் போட்டால் எள் விழாது.

பகவதி கோயிலில் குமரியம்மனின் மூக்குத்தியைத் தரிசித்துவிட்டுக் கரைக்கு வாருங்கள். அம்மனுக்கும் சுசீந்திரத்துத் தாணுமாலயனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, நாரதர் சேவலாகக் கூவி முகூர்த்தம் தவறிப்போக, சமைக்காமல் கிடந்த கல்யாண அரிசி மணலாகிவிட்டது என்பது ஊர்க்கதை. கதையைக் கேட்டுவிட்டு ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கவேண்டும். கறுப்பு, செம்பு, பழுப்பு, நடுநடுவே மாதுளை முத்தின் நிறத்தில் மினுங்கும் துகள்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இதே கரையில் மேற்கே மணவாளக்குறிச்சியில் மோனசைட்டும் சேர்ந்து கிடப்பதால் அரசு நிறுவனம் ஒன்று அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. கதை சொல்லும் அரிசியும் நிலவியல் சொல்லும் கனிமமும் ஒரே பிடிக்குள் அடங்கிவிடுவதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். கடைகளில் கலர் மணல் பொட்டலம் விற்பார்கள். வாங்க வேண்டாம், காலடியில் கிடப்பதே போதும்.

கிழக்கே சில கி.மீ. போனால் வட்டக்கோட்டை. கடலை ஒட்டி, கருங்கல்லில், 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் எழுப்பிய கோட்டை. மதில்மேல் ஏறினால் ஒருபக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள், நடுவில் சுழலும் காற்றாலைகள். காற்று அடிக்கிற அடியில் பேசிக்கொள்ளவே முடியாது. கீழே கறுப்பு மணல் கரையில் கூட்டமே இருக்காது. குடும்பத்தோடு போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோய் உட்கார இதைவிட நல்ல இடம் கிடையாது.

இனி மேற்கு. என் நெஞ்சு இருக்கும் திசை.

முனையிலிருந்து கடலோரச் சாலையைப் பிடித்தால் ஊருக்கு ஊர் முகம் மாறும். கொஞ்சம் உள்ளே தள்ளி சாமித்தோப்பு. அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி. உள்ளே சிலை கிடையாது, கண்ணாடிதான். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்குகிறார்கள். தோளில் துண்டு போடவும் தலைப்பாகை கட்டவும் ஒரு சாரார்க்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில், நீயே உன் முன் நிமிர்ந்து நில் என்று கண்ணாடியைக் காட்டிய மண் இது. அதன் எதிரில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்து மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இடம். காயலும் அலையாத்திச் செடிகளும் வலசைப் பறவைகளுமாக மனசை அள்ளும். 2004-இல் சுனாமி இங்கிருந்த பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போயிற்று. இப்போது புதுப்பாலத்தில் நின்று ஒருபக்கம் அமைதியான காயலையும் மறுபக்கம் ஓயாத கடலையும் பார்க்கலாம். பறவைப் பிரியர்கள் அப்படியே சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கும் போய்விடுங்கள். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நீர்நிலைகள் அவை. சுசீந்திரம் கோயிலில் தட்டினால் சுரம் எழுப்பும் தூண்களும், நெடிதுயர்ந்த அனுமனும் காத்திருக்கிறார்கள்.

சொத்தவிளை, சங்குத்துறை இரண்டும் நீளமான, அகலமான, நிம்மதியான கரைகள். சொத்தவிளையில் மணல்மேடுகள் உண்டு, கரையோரம் ஆழமும் குறைவு. பிள்ளைகுட்டிகளோடு சாயங்காலத்தைக் கழிக்க ஏற்றவை. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போய் உட்காருங்கள், போதும்.

முட்டத்தைப் பற்றி மட்டும் விட்டால் நாள்பூராவும் பேசுவேன்.

பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' 1981-இலும் 'கடலோரக் கவிதைகள்' 1986-இலும் இந்த ஊரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் திரையில் பார்த்தது கால்வாசிகூட இல்லை. முட்டத்தின் அழகே அதன் பாறைகள்தான். செம்மண் மேடு சட்டென்று முடிந்து, பழுப்பும் கறுப்புமாகப் பெரும்பாறைகள் கடலுக்குள் இறங்கிப் போகும். மேலே கலங்கரை விளக்கம். அதில் ஏற அனுமதிக்கும் நேரம் பார்த்துப் போங்கள். உச்சியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கரை வளைந்து வளைந்து போவதும், தென்னங்கடலுக்கு நடுவே ஊருக்கொரு கோபுரமாகத் தேவாலயங்கள் எழுந்து நிற்பதும், பின்னால் மலை நீலமாக நிற்பதும் ஒரே பார்வையில் அகப்படும். கடலுக்குள் போகும் மீனவர்களுக்கு அந்தக் கோபுரங்களும் மலைமுகடுகளும்தான் பரம்பரை பரம்பரையாக வழிகாட்டி. இந்த முகடும் அந்தக் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் வந்தால் கீழே மீன் தங்கும் பார் இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். வந்த பிறகும் பெரியவர்கள் இந்தக் கணக்கை விடவில்லை.

முட்டத்துக்குப் பக்கத்துக் கரையில் ஒரு காலைப்பொழுது கரமடி இழுப்பதைப் பார்த்தேன். விடிந்ததும் ஒரு வள்ளம் வலையோடு கிளம்பி, கடலில் அரைவட்டமாகச் சுற்றி வலையை இறக்கிவிட்டு வரும். வலையின் இரண்டு பக்கக் கயிறும் கரையில். ஒரு பக்கத்துக்கு இருபது பேராவது நின்று, பின்னாலேயே நடந்து நடந்து இழுக்கிறார்கள். கடைசியில் இருப்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு ஓடிப்போய் முன்னால் பிடித்துக்கொள்கிறார். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பதில் குரல் கொடுக்கிறார்கள். அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி கால் மணலில் புதைகிறது, எழுகிறது. எழுபது வயதைத் தாண்டிய பாட்டா ஒருவரும் இழுக்கிறார், பள்ளிக்கூடப் பையனும் இழுக்கிறான். கொஞ்சங் கொஞ்சமாக இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். மடி கரையைத் தொடும்போது பார்க்கவேண்டுமே! வெள்ளி கொட்டியதுபோல் சாளையும் நெத்தோலியும் துள்ளுகின்றன. நடுவே மை கக்கிக்கொண்டு ஒன்றிரண்டு கணவாய். அடுத்த நிமிடமே மணலில் கூறு கட்டி ஏலம் ஆரம்பம். ஏலம் கூறுகிறவர் மூச்சு விடுகிறாரா இல்லையா என்றே தெரியாது, அவ்வளவு வேகம். அலுமினியச் சருவத்தோடு நிற்கும் பெண்கள் தலையசைப்பிலேயே விலையை முடிக்கிறார்கள்.

அதில் ஓர் அம்மா என்னைப் பார்த்து, "எங்கேருந்து வாறிய மக்ளே?" என்றார். மதுரை என்றேன். "மதுரையா? அங்க வாறது எல்லாம் ஐஸ்ல கெடந்த மீனுல்லா. இன்னைக்கு இங்கன சாப்பிட்டுட்டுப் போங்க, பொறவு மதுரை மீன் எறங்காது" என்று சொல்லி, எந்த வீட்டில் சோறு போடுவார்கள் என்று கையைக் காட்டினார். அவர் சொன்னது சத்தியமான வார்த்தை.

அந்தச் சாப்பாட்டை எப்படிச் சொல்வேன்! வீட்டுத் திண்ணையை ஒட்டி நாலு மேசை போட்ட கடை. வாழையிலையில் முதலில் வந்தது மரச்சீனிக் கிழங்கு. வேகவைத்து, தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சள் சேர்த்துச் சதைத்த மசியலைக் குழியாக்கி, அதில் மண்சட்டியிலிருந்து மீன்குழம்பை ஊற்றினார்கள். குமரி மீன்குழம்பின் உயிர் தேங்காய். மிளகாய், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளியோடு தேங்காயைச் சந்தனம்போல் அரைத்துக் கூட்டி, புளி கரைத்து, முருங்கைக்காயும் மாங்காய்த் துண்டும் போட்டுக் கொதிக்கவிட்டுக் கடைசியில்தான் மீனைப் போடுகிறார்கள். அதிகம் கிண்டுவதில்லை, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அயிலை. முள் தனியாக, சதை தனியாக வந்துவிடுகிறது. கிழங்கின் இனிப்பும் குழம்பின் புளிப்பும் காரமும் நாக்கில் சேரும் அந்த நொடிக்காகவே எட்டு மணிநேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வரலாம். பொரித்த சாளை, நெத்தோலி அவியல், பருப்பு, புளிசேரி, மோர் என்று வந்துகொண்டே இருந்தது. முடித்துவிட்டுக் கட்டஞ்சாயா.

சைவக்காரர்கள் முகத்தைச் சுளிக்கவேண்டாம். இந்த மாவட்டத்து அவியலும் எரிசேரியும் துவரனும் ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவை. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஒரே அடுப்பில் சமைத்த கைகள் இவை. நாகர்கோவிலில் சாயங்காலம் ரசவடை சாப்பிடாமல் ரயில் ஏறக்கூடாது. காலையில் பனை ஏறுகிறவர்களிடம் அக்கானி, அதாவது பதநீர், கிடைத்தால் விடாதீர்கள். பழக்கடை வாசலில் நின்றால் தலை சுற்றும்: மட்டி, செந்துளுவன், ஏத்தன், பேயன், சிங்கன், பாளையங்கோட்டான் என்று குலை குலையாய்த் தொங்கும். மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளம்தான் இருக்கும். தோலை உரித்தால் வாசனை அறை முழுக்க நிறையும். கைக்குழந்தைக்கு முதன்முதல் ஊட்டும் பழம் அது. அதன் ருசி தெரிந்தவர்கள் வேறு வாழைப்பழத்தைச் சும்மா வயிற்றுக்குத்தான் சாப்பிடுவார்கள்.

முட்டத்தைத் தாண்டினால் மண்டைக்காடு. பகவதியம்மன் புற்றாக வளர்ந்திருக்கும் தலம். புற்று 15 அடி உயரம் என்பார்கள். மாசிக் கொடைக்குப் பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். கடலில் முழுகி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்டக் கோயிலுக்கு நடக்கிறார்கள். கோயிலைச் சுற்றிப் பொங்கல் பானைகள், மண்டையப்பம் அவியும் மணம். கடல் இங்கே கோயிலின் தீர்த்தக்குளம்.

அங்கிருந்து குளச்சல் ஒரு கூப்பிடு தூரம். துறைமுகத்துக்கு முன்னால் ஒரு தூண் நிற்கிறது. எத்தனையோ பேர் நின்று படிக்காமல் போகும் தூண்! 1741 ஆகஸ்டு 10 அன்று திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை இங்கே தோற்கடித்தது. அன்றைக்கு உலகக் கடலையே கட்டியாண்ட கம்பெனி! மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, தூரத்திலிருந்து பார்த்த எதிரிக்குத் துப்பாக்கிப் படைபோல் காட்டினார்கள் என்று கரையில் இன்றும் சொல்கிறார்கள். சிறைபிடிக்கப்பட்ட டச்சுப் படைத் தளபதி டிலனாய் பிறகு அதே ராஜாவின் படைத்தலைவராகி, படையைப் பயிற்றுவித்து, வட்டக்கோட்டையைப் பலப்படுத்தி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777-இல் இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. டச்சுப் படையில் வந்த ஒரு தளபதியின் கல்லறைக் கல்லில் லத்தீனுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்து. விரலால் தடவிப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் சிலிர்ப்பு அடங்கவில்லை.

அந்த டிலனாயோடு பழகிக் கிறிஸ்தவரானவர்தான் நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளை. 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். துறவியாக இல்லாத இந்தியர் ஒருவர் புனிதரானது அதுவே முதல்முறை. அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டிருப்பது கோட்டாறு சவேரியார் ஆலயத்தில். நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3 வரைக்கும் நடக்கும் சவேரியார் திருவிழாவுக்குச் சாதிமதம் பார்க்காமல் மாவட்டமே கோட்டாற்றில் கூடும். அந்தக் கடைசி நாளுக்கு உள்ளூர் விடுமுறையும் உண்டு.

இந்தக் கரையின் பண்பாடு இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிறது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1 அன்று குமரி நம்மோடு இணைந்தபோதும் அரண்மனை அவர்கள் பொறுப்பிலேயே இருந்தது. முழுக்க முழுக்க மரவேலை. சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்த கறுப்புத் தரையில் இன்றும் முகம் தெரிகிறது. வருஷா வருஷம் நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகக் கிளம்புகிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்யும். மாநில எல்லை மாறியும் சாமிகள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை!

குளச்சலுக்கு மேற்கே தேங்காய்ப்பட்டினம். ஆறு கடலில் கலக்கும் பொழிமுகமும், அடர்ந்த தென்னையும், பழைய பள்ளிவாசலும் உள்ள ஊர். மாலிக் பின் தீனார் காலத்துப் பள்ளி என்று ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள். 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரான் பிறந்து வளர்ந்த ஊர். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைப் படித்துவிட்டு இந்தச் சந்துகளில் நடந்தால், மதில்களுக்கு அப்பால் பேசிக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள் என்றே தோன்றும்.

அதையும் தாண்டினால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இவர்களுக்கு நிகர் யாரும் இல்லை. வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி, அரபிக்கடலில் வெகுதூரம் போய் வருகிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்தத் துறைகளில் எத்தனையோ வீடுகள் ஆளை இழந்தன. சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் பட்ட பாடு இன்னொரு பக்கம். அந்த வீடுகளின் வாசலில் உட்கார்ந்து இன்றும் வலை பின்னுகிறார்கள், வந்தவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுக்கிறார்கள். சாயங்காலம் கரையோரத் திடல்களில் பாருங்கள்: கால்பந்து! பொடியன் முதல் கல்யாணமானவர் வரை வெறுங்காலோடு மணலில் பறக்கிறார்கள். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைப் பிள்ளை. மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை எம்மாத்திரம்!

எப்போது போகலாம்? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சொர்க்கம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவம் மேல்கடலைக் கொந்தளிக்க வைக்கும். குளிக்க நினைக்கவே கூடாது, ஆனால் முட்டத்துப் பாறையில் அலை ஆள் உயரத்துக்கு மேல் எழும்புவதைத் தூரத்தில் நின்று பார்க்க அதுதான் காலம். இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு தடவை வரும். முனைக்குக் கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே முட்டம், குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கடல் இரண்டு, சட்டமும் இரண்டு. அதனால் ஜூன் முதல் இரண்டு வாரத்தைத் தவிர்த்தால், கிழக்கே வலை காயும்போது மேற்கே மீன் இறங்கும், மேற்கே காயும்போது கிழக்கே இறங்கும். சாப்பாட்டுப் பிரியர்கள் தேதி பார்த்துத் திசையைத் தேர்ந்துகொள்ளலாம்.

நாகர்கோவிலில் தங்குங்கள். எல்லா ஊருக்கும் அங்கிருந்து பஸ் உண்டு. கடலோரச் சாலைக்கு மட்டும் ஒரு நாள் ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளுங்கள். குறைந்தது நான்கு நாள் ஒதுக்குங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வழுக்குப் பாறைகளில் செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள், முட்டத்து அலை சொல்லிக்கொண்டு வராது. கரமடி இழுப்பவர்களைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் கயிற்றையே உங்கள் கையில் கொடுப்பார்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். சருவம் சுமந்து வரும் பெண்களிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.